மூன்று முறை பிறந்த சந்தை

கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டின் வரலாறு மாணவர்களுக்குச் சொல்வது என்ன?

பாசார் செனி எல்ஆர்டி நிலையத்தில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகின்றனர். கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள் பலர் அங்குதான் எம்ஆர்டிக்கு மாறுகின்றனர். ‘பாசார் செனி’ என்றால் கலைச் சந்தை. நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ஜாலான் ஹங் கஸ்தூரியில் இளநீலமும் வெள்ளையும் பூசிய ஒரு நீண்ட கட்டடம் தெரியும். நிலையத்துக்குப் பெயர் கொடுத்த சென்ட்ரல் மார்க்கெட் அதுதான்.

அந்தக் கட்டடம் நம்மிடம் ஒரு புதிர் போடுகிறது. சந்தையின் பெயரோடு சேர்த்து எழுதப்படும் ஆண்டு 1888. ஆனால், அதன் முகப்பைப் பார்க்கும் கட்டடக்கலை மாணவர் இது 1930-களின் பாணி என்று உடனே சொல்லிவிடுவார். உள்ளே போனால் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் ஓவியங்களும் விற்கிறார்கள். அந்த வியாபாரம் அங்கே தொடங்கியது 1986இல்.

மூன்று ஆண்டுகளுமே சரிதான். இந்தச் சந்தை மூன்று முறை பிறந்தது. ஒவ்வொரு பிறப்பின் பின்னாலும் மனிதர்கள் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. பழைய கட்டடம் ஒன்று எப்படிப் பிழைக்கிறது, பிழைப்பதற்கு என்ன விலை கொடுக்கிறது என்பதை அறிய விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் தலைநகரில் கிடைப்பது அரிது.

முதல் பிறப்பு: 1888

கோலாலம்பூரின் கதை ஈயத்தில் தொடங்குகிறது. 1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியே உள்நாட்டுக்கு அனுப்பினார். அவர்கள் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, அங்கிருந்து காட்டுக்குள் அம்பாங் வரை சென்றனர். ஒரு மாதத்திற்குள் அவர்களில் பெரும்பாலோர் மலேரியா காய்ச்சலுக்குப் பலியாகினர். ஆனாலும், ஈயம் கிடைத்தது. ஆறுகள் கூடிய இடத்தில் ஓர் ஊர் முளைத்தது.

அந்த ஊரின் முதல் சந்தை இப்போதைய மேடான் பாசாரில் இருந்தது. சீனச் சமூகத்தின் தலைவராக இருந்த கப்பித்தான் யாப் ஆ லோய் வசம் அந்தச் சந்தையும் அதைச் சுற்றியிருந்த சூதாட்டக் கொட்டகைகளும் இருந்தன. வீடுகளும் கடைகளும் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட தீயில் ஊர் எரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம் வந்து எஞ்சியதையும் அழித்தது.

1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தார். அவ்வளவு செங்கல்லுக்கு எங்கே போவது? ஊரின் தெற்கே களிமண் நிலம் இருந்தது. அங்கே செங்கல் சூளைகள் எழுந்தன. யாப் ஆ லோயும் சூளை அமைத்தார். அந்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். இன்று நாம் தீபாவளிக்குத் துணி வாங்கப் போகும் அந்த வட்டாரத்தின் பெயரே, தலைநகரம் ஓலையிலிருந்து கல்லுக்கு மாறிய கதையைச் சொல்கிறது.

சந்தையும் இடம் மாறியது. 1888இல் மேடான் பாசாரிலிருந்து சற்றுத் தெற்கே, கிள்ளான் ஆற்றின் கரையில், மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் புதிய சந்தை அமைந்தது. தனி ஒருவர் கையில் இருந்த வியாபாரம் நகர நிர்வாகத்தின் கைக்கு வந்தது. இதுதான் முதல் பிறப்பு.

மாணவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். 1888இல் இந்தச் சந்தையைக் கட்டியவர் யாப் ஆ லோய் என்று சிலர் எழுதுவதையும் சொல்வதையும் நீங்கள் காணக்கூடும். யாப் ஆ லோய் காலமானது 1885ஆம் ஆண்டு ஏப்ரலில். இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் சந்தை கட்ட முடியாது. பழைய சந்தையையும் புதிய சந்தையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்த பிழை இது. இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், பிழை தானாகவே தெரிந்துவிடும். வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளை மனப்பாடம் செய்வது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

அந்தக் காலத்தில் சந்தையைச் சுற்றி வளர்ந்த நகரத்தில் நம்மவர்களுக்கும் இடம் இருந்தது. சந்தைக்கு அருகிலேயே, இப்போதைய ஜாலான் துன் எச்.எஸ். லீயில், தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. வடக்கே லெபோ அம்பாங்கில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்கள் குடியேறினர். சந்தை, கோயில், கிட்டங்கி, இரயில் என எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்த சிறு நகரம் அது.

இரண்டாம் பிறப்பு: 1937

சந்தை தொடங்கியதிலிருந்து பல முறை விரிவாக்கப்பட்டது. ஆனால், இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1930-களின் நடுவில் எழும்பி 1937இல் நிறைவு பெற்றது. ஏன் அப்போது?

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி மலாயாவைக் கடுமையாகத் தாக்கியது. ரப்பர் விலை சரிந்தது. ஈயத்தின் விலையும் விழுந்தது. தோட்டங்களில் வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நம் தாத்தா பாட்டிகளின் குடும்பக் கதைகளில் ‘மந்தக் காலம்’ என்று வருவது அதுதான். 1930-களின் நடுப்பகுதியில் விலைகள் மீண்டன. தோட்டத்திலும் சுரங்கத்திலும் பணம் புரளத் தொடங்கியதும், நகரத்தில் கட்டடங்கள் எழுந்தன.

அதனால்தான் கோலாலம்பூரின் பழைய மையத்தில் 1930-களைச் சேர்ந்த கட்டடங்கள் இத்தனை இருக்கின்றன. ஆர்தர் ஓக்லி கோல்ட்மன் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஓரியண்டல் கட்டடம், ஒசிபிசி வங்கிக் கட்டடம் ஆகியவை இந்தக் காலத்தவை. மேடான் பாசாரின் நடுவில் நிற்கும் மணிக்கூண்டும் 1937இல் எழுந்ததுதான். ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூட்டிக்கொண்டதன் நினைவாகக் கட்டப்பட்டது அது. ஆக, பழைய சந்தை இருந்த இடத்தில் மணிக்கூண்டும் புதிய சந்தைக்குப் புதிய கட்டடமும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பாணிக்கு ‘ஆர்ட் டெக்கோ’ என்று பெயர். 1925இல் பாரீஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து பிறந்த பெயர் அது. அதற்கு முந்திய தலைமுறை கட்டடங்களைப் பாருங்கள். 1909இல் கட்டிய மஸ்ஜிட் ஜாமெக்கில் குவிமாடங்களும் வளைவுகளும் நிறைந்திருக்கும். பழைய கடைவீடுகளின் முகப்பில் பூவும் கொடியுமாகச் சுதை வேலைப்பாடு இருக்கும். ஆர்ட் டெக்கோ அவற்றை ஒதுக்கியது. நேர்க்கோடுகள், படிப்படியாக உயரும் கைப்பிடிச் சுவர், சூரியக்கதிர் போன்ற வடிவங்கள், வழவழப்பான காங்கிரீட் முகம். கார், விமானம், கப்பல் என வேகத்தை வியந்த ஒரு காலத்தின் ரசனை அது.

சந்தைக்கு அந்தப் பாணி அழகோடு பயனும் தந்தது. குளிரூட்டிகள் இல்லாத காலத்தில் மீனும் இறைச்சியும் விற்கும் இடத்துக்கு என்ன தேவை? வெளிச்சம், காற்று, கழுவிவிட எளிதான தரை. காங்கிரீட்டும் எஃகும் இருந்தால் குறைவான தூண்களில் அகலமான கூடம் கட்டலாம். கூரையை உயர்த்தி, மேல்பகுதியில் சன்னல்கள் வைத்தால் சூடான காற்று மேலே சென்று வெளியேறும். இன்று உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த உயரம் ஏன் என்று புரியும். நினைவுப் பொருள் கடைக்கு அவ்வளவு உயரமான கூரை தேவையில்லை. மீன் சந்தைக்குத் தேவை.

மூன்றாம் பிறப்பு: 1986

ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அந்தக் கூடத்தில் மீன் வெட்டும் சத்தம் கேட்டது. நாடு சுதந்திரம் பெற்றது. 1971ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை நகரம் கண்டது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. நகரம் பெருகப் பெருக, அதன் நடுவில் ஓர் ஈரச் சந்தை இருப்பது பலருக்கு இடையூறாகத் தோன்றியது. வாகன நெரிசல், நாற்றம், ஆற்றில் கலக்கும் கழிவு என்று குறைகள் அடுக்கப்பட்டன. 1984இல் ஆற்றின் எதிர்க்கரையில் டாயாபூமி கோபுரம் எழுந்தது. அதன் எதிரே இருந்த நிலத்தின் மதிப்பை வைத்துப் பார்த்தால், தாழ்வான பழைய சந்தையொன்று அங்கே நிற்பது வீண் என்றுதான் கணக்குச் சொல்லும். இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்ற பேச்சு எழுந்தது.

சட்டமும் அப்போது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அன்று நடப்பில் இருந்த 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், 100 ஆண்டுகளைக் கடந்த நினைவுச் சின்னங்களையே முதன்மையாகக் கருதியது. 1937இல் எழுந்த கட்டடத்துக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பழமை என்று சொல்ல முடியாத, புதுமை என்றும் சொல்ல முடியாத இரண்டுங்கெட்டான் வயது. உலகெங்கும் கட்டடங்கள் அதிகமாக இடிபடுவது இந்த வயதில்தான்.

கட்டடத்தைக் காத்தது மக்களின் குரல். 1983இல் உருவான பாடான் வாரிசான் மலேசியா எனும் மரபுடைமை அமைப்பினரும் கட்டடக் கலைஞர்களும் இடிப்பதற்கு எதிராகப் பேசினர். அந்த அமைப்பின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரான கட்டடக் கலைஞர் சென் வூன் ஃபீ, பின்னர் சந்தையை மாற்றியமைக்கும் பணியிலும் பங்கேற்றார். அவர்கள் ‘இடிக்காதீர்கள்’ என்று சொன்னதோடு நிற்கவில்லை. இடிக்காவிட்டால் இதை வைத்து என்ன செய்யலாம் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தனர். வியாபாரிகள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். கூடம் சீரமைக்கப்பட்டு 1986இல் கலை, கைவினைச் சந்தையாகத் திறக்கப்பட்டது. ஓவியர்களும் இசைக் கலைஞர்களும் நாடகக் குழுக்களும் அங்கே கூடினர். 1998இல் வந்த எல்ஆர்டி நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது.

ஒரு கட்டடத்தின் உடலை வைத்துக்கொண்டு வேலையை மட்டும் மாற்றும் இந்த முறையை மறுபயன்பாடு என்கிறோம். நம் பெரியவர்கள் பழைய பட்டுச் சேலையைப் பாவாடையாகத் தைத்துக் கொடுப்பதில்லையா, அதே புத்திதான்.

மற்ற ஊர்ச் சந்தைகள் என்ன ஆயின?

சென்ட்ரல் மார்க்கெட் தப்பியது எவ்வளவு பெரிய காரியம் என்பது மற்ற நகரங்களைப் பார்த்தால் தெரியும். பாரீஸ் மாநகரின் புகழ்பெற்ற லே ஆல் சந்தையின் இரும்புக் கூடங்கள் 1970-களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டன. அதற்காக அந்நகர மக்கள் இன்றும் வருந்துகின்றனர். லண்டன் கோவெண்ட் கார்டன் காய்கறிச் சந்தை 1974இல் வேறிடம் சென்றது. பழைய கூடம் 1980இல் கடைகளும் கலைஞர்களும் நிறைந்த இடமாகத் திறக்கப்பட்டது.

சென்னையின் கதை நம் மனத்தை அதிகம் தொடும். 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய புத்தகம் முதல் செல்லப் பிராணிகள் வரை எதுவும் கிடைக்கும் செந்நிறக் கட்டடம். சென்ட்ரல் இரயில் நிலையத்தின் பக்கத்தில் இருந்தது. 1985ஆம் ஆண்டு மே மாதம் தீயில் எரிந்துபோனது. இப்போது அந்த இடத்தில் இரயில்வே கட்டடம் நிற்கிறது. சென்னை தன் சந்தைக் கட்டடத்தை இழந்ததும் கோலாலம்பூர் தன் சந்தைக் கட்டடத்தைக் காத்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை.

காத்தது எது, காக்காதது எது?

ஆனால், 1986இல் எல்லாமே காப்பாற்றப்பட்டன என்று சொல்லிவிட முடியாது. சுவர் நின்றது, கூரை நின்றது, மீன்காரரும் இறைச்சிக் கடைக்காரரும் போய்விட்டனர். விடியற்காலையில் குடும்பத் தலைவிகள் கூடையோடு வந்த இடத்துக்கு இப்போது சுற்றுப்பயணிகள் வருகின்றனர். சுற்றுப்பயணிகளை நம்பும் கட்டடம் அவர்கள் வராதபோது தள்ளாடும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலானபோது நாட்டின் சுற்றுலா இடங்கள் அனைத்தும் வெறிச்சோடின. அன்றாடம் கறிகாய் விற்கும் சந்தையின் தேவையோ நெருக்கடியிலும் குறைவதில்லை.

அதனால் மறுபயன்பாடு தவறு என்று ஆகாது. அதற்கும் ஒரு விலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். கட்டடத்தைக் காங்கிரீட் காக்கும். அங்கே உழைத்தவர்களின் வாழ்க்கையை யாராவது எழுதி வைத்தால்தான் காக்க முடியும்.

கிள்ளானில் இதற்கு இன்னொரு சான்று உண்டு. நாம் முதலில் பார்த்த அதே ராஜா அப்துல்லா, ஈயத்தையும் உணவுப் பொருளையும் சேமிக்கக் கட்டிய கிடங்கு இன்றும் நிற்கிறது. கெடோங் ராஜா அப்துல்லா என்பது அதன் பெயர். சிலாங்கூரின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. கிடங்காக இருந்தது, பின்னர் காவல் நிலையமானது, ஈய அருங்காட்சியகமும் ஆனது. வேலை மாறிக்கொண்டே வந்ததால் அது நின்றது.

பிரிக்பீல்ட்ஸில் வேறு விதம். இரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய ‘ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்’ வீடுகளில் பல தலைமுறைத் தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் வாழ்ந்தனர். மேம்பாட்டுக்காக அவை இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் புதிய வேலை எதையும் யாரும் தேடிக் கொடுக்கவில்லை. அதே வட்டாரத்தில் 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமத்தின் வளாகத்தில் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று 2014இல் பேசப்பட்டபோது பொதுமக்கள் திரண்டு குரல் கொடுத்தனர். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

மாணவர்கள் செய்யக்கூடியது

இப்போது நம்மிடம் இருப்பது 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம். 100 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற தடை இதில் இல்லை. வரலாறு, கட்டடக்கலை, சமூகத்தோடு உள்ள உறவு போன்றவற்றைக் கொண்டு ஓரிடம் மதிப்பிடப்படுகிறது. இன்னொரு செய்தி மாணவர்களுக்கு முக்கியம்: ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்கும்படி மரபுடைமை ஆணையருக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம்.

ஆனால், சட்டம் இருந்தால் மட்டும் போதாது. ஜாலான் அம்பாங்கில் 1929இல் கட்டிய போக் ஹவுஸ் மாளிகை, இந்தச் சட்டம் நடப்புக்கு வந்த அதே 2006ஆம் ஆண்டின் இறுதியில்தான் இடிக்கப்பட்டது. இடிக்கும் இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகு ஆவணம் தேடினால் காலம் கடந்துவிடும். ஒரு கட்டடத்துக்காகப் பேச வேண்டுமானால், அதன் கதை முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

அந்தக் கதையைச் சேகரிக்கும் வேலையை இடைநிலைப்பள்ளி மாணவரும் செய்யலாம். உங்கள் ஊரில், அது கிள்ளானோ காஜாங்கோ செந்தூலோ, பழைய கடைவரிசை ஒன்று இருக்கும். அடுத்த முறை போகும்போது கண்ணைக் கீழ்த்தளப் பெயர்ப்பலகையிலிருந்து உயர்த்தி மேல்தளத்தைப் பாருங்கள். பல கடைவீடுகளின் நெற்றியில் கட்டிய ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுங்கள். அந்த ஆண்டில் நாட்டில் என்ன நடந்தது, ரப்பர் விலை ஏறியதா இறங்கியதா, போருக்கு முன்னா பின்னா என்று பாருங்கள். பிறகு அந்தக் கடையில் நெடுங்காலம் இருந்தவரையோ, அங்கே பொருள் வாங்கிய உங்கள் பாட்டியையோ உட்கார வைத்துக் கேளுங்கள். என்ன விற்றார்கள், யார் வந்தார்கள், கடன் புத்தகம் இருந்ததா, விலை என்ன? அவர் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒருவர் சொன்ன ஆண்டை இன்னொரு சான்றோடு ஒப்பிடுங்கள். யாப் ஆ லோய் விஷயத்தில் செய்ததைப் போல.

உயர்கல்வி மாணவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், சுற்றுலா, வரலாறு, ஊடகம் எனப் பல துறைகளின் ஆய்வுப்பணிக்கு நல்ல பொருள். நம் சமூகம் கட்டிய கட்டடங்கள், வேலை பார்த்த பட்டறைகள், வட்டிக்கடைகள், மளிகைக் கடைகள், திரையரங்குகள் பற்றித் தமிழிலும் மலாயிலும் எழுதப்பட வேண்டியவை ஏராளம்.

சென்ட்ரல் மார்க்கெட் மூன்று முறை பிறந்ததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்ல யாரோ முன்வந்தார்கள். உங்கள் ஊரின் பழைய கடைவரிசைக்கு அப்படிச் சொல்ல ஆள் வேண்டும். சொல்லுகிறவர் கையில் ஒரு தேதியும் ஒரு படமும் ஒரு பாட்டியின் குரலும் இருந்தால், அந்தப் பேச்சு எடுபடும்.